ஒரே நிலையம், மூன்று தடங்கள்

ரிசீவரை 14.074 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பி அதன் ஒலியைக் கணினிக்குக் கொடுத்தால், திரையில் வண்ணத் தடங்கள் மேலிருந்து கீழாக வழியத் தொடங்கும். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இந்தத் திரையை வாட்டர்ஃபால் என்கிறார்கள். ஒவ்வொரு தடமும் எங்கோ ஓர் ஊரிலிருந்து எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் செய்தி அனுப்பும் ஒரு நிலையம். அகலம் 50 ஹெர்ட்ஸ். பதினைந்து விநாடி ஒரு சாரார் அனுப்ப, அடுத்த பதினைந்து விநாடி மறு சாரார் அனுப்புவார்கள். அலை நன்றாகப் பரவும் நாளில் மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் பல டஜன் நிலையங்கள் இப்படி ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும்.

அந்த நெரிசலில் 600 ஹெர்ட்ஸில் பளிச்சென்று ஒரு தடம் விழுகிறது. அதே நொடியில் 1200-லும் மங்கலாக ஒன்று. அதன் அகலம் 100 ஹெர்ட்ஸ். 1800-ல் இன்னும் மங்கலாக மற்றொன்று. 150 ஹெர்ட்ஸ் அகலம். மூன்றும் சேர்ந்தே தொடங்குகின்றன, சேர்ந்தே நிற்கின்றன. அனுப்புவது ஒரே நிலையம்தான். முதல் தடத்தைக் கணினி படித்துவிடும். மற்ற இரண்டையும் படிக்காது, ஏனென்றால் ஒரு தொனியின் அதிர்வெண் இரட்டிக்கும்போது தொனிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் இரட்டித்துவிடும்; அது எஃப்டி8 என்ற வடிவத்தையே இழந்த வெறும் இரைச்சல். ஆனாலும் அது இடத்தை அடைத்துக்கொள்ளும். 1200-ல் யாரோ ஒருவர் ஐந்து வாட் சக்தியில் தூர தேசத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அவர் குரல் அதில் அமுங்கிப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், இதை உலகமே பார்க்கிறது; அனுப்புகிறவர் மட்டும் பார்ப்பதில்லை. அனுப்பும்போது அவருடைய ரிசீவர் வாய்மூடி இருக்கும். திரையில் வரும் பதில்களோ எல்லாம் சரியாக நடப்பதாகவே அவருக்குச் சொல்லும்.

பழைய காலத்தில் இப்படி இருக்கவில்லை. 1934-ல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க ஹாம் ஆர்எஸ்டி என்ற மதிப்பீட்டு முறையை முன்வைத்தார். எவ்வளவு தெளிவாகப் புரிகிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பவற்றோடு, மோர்ஸ் ஒலியின் தொனி எவ்வளவு சுத்தம் என்பதற்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் உண்டு. மின்சாரத்தைச் சரியாக வடிகட்டாமல் டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்தவருக்கு எதிர்முனையிலிருந்து தாழ்ந்த மதிப்பெண் வரும். மறுநாள் அவர் கண்டென்சரை மாற்றுவார். எஃப்டி8-ல் நிலையங்கள் பரிமாறிக்கொள்ளும் மதிப்பீடோ ஒரே ஓர் எண்தான்: மைனஸ் 12, பிளஸ் 3 என்று. இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எத்தனை டெசிபல் என்பதை அது சொல்லும். சுத்தத்துக்கு அதில் இடமே இல்லை. டிஜிட்டல் முறைகளின் வளர்ச்சியில் கைநழுவிய மிகப் பெரிய விஷயம் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

இடையில் ஒரு காலம் இருந்தது, தரம் கண்ணுக்குத் தெரிந்த காலம்.

பிரிட்டனின் பீட்டர் மார்ட்டினெஸ், ஜி3பிஎல்எக்ஸ் என்ற அழைப்புக்குறி கொண்டவர், 1998 டிசம்பரில் பிஎஸ்கே31 முறையை வெளியிட்டார். வீட்டுக் கணினிகளில் சவுண்ட் கார்டு சாதாரணமாகிவிட்ட நேரம் அது. தட்டச்சு செய்வதை அப்படியே எதிராளி திரையில் பார்க்கலாம், விநாடிக்கு 31.25 துடிப்பு, அதாவது நிதானமாகத் தட்டச்சு செய்பவரின் வேகம். எழுத்துகளுக்கான குறியீட்டை அவர் மோர்ஸ் போலவே அமைத்தார்: ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி, அரிதானதற்கு நீளமான குறி. முன்பு கோலோச்சிய ஆர்டிடிஒய் தந்தித் தட்டச்சு முறைக்கு இரண்டு தொனிகளுக்கு நடுவே மட்டும் 170 ஹெர்ட்ஸ் வேண்டும். பிஎஸ்கே31-க்கு மொத்தமே சுமார் அறுபது போதும்.

அந்த ஒடுக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆர்டிடிஒய்-யில் அலையின் வீச்சு மாறுவதே இல்லை. தொனி மட்டும் இங்கும் அங்கும் தாவும். பிஎஸ்கே31-ல் தொனி ஒன்றே. அலையின் கட்டம் தலைகீழாகும்போது பூஜ்யம் என்றும், மாறாமல் தொடரும்போது ஒன்று என்றும் பொருள். திடீரென்று கட்டத்தைத் திருப்பினால் அலைவரிசை எங்கும் சிதறல் தெறிக்கும். அதனால் மார்ட்டினெஸ் ஒவ்வொரு திருப்பத்தின்போதும் வீச்சை மெல்லக் குறைத்து, பூஜ்யத்தைத் தொட வைத்து, அங்கே கட்டத்தைத் திருப்பி, மறுபடியும் மெல்ல உயர்த்தினார். இந்த ஏற்ற இறக்கத்தை டிரான்ஸ்மிட்டர் மழுங்காமல் பெருக்கித் தர வேண்டும். உச்சியைச் சற்றே நசுக்கினாலும் போச்சு.

நசுங்கினால் என்ன ஆகும் என்பதை அளக்க, பிஎஸ்கே31 தன்னை அறியாமலே ஒரு சோதனைக் கருவியைக் கையோடு கொண்டுவந்தது. தட்டச்சு செய்பவர் யோசித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் கட்டத்தை இடைவிடாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். கணிதப்படி அது, நடுவிலிருந்து இருபுறமும் 15.6 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் இரண்டு தொனிகளுக்குச் சமம். எந்தப் பெருக்கியின் நேர்மையையும் சோதிக்கப் பொறியாளர்கள் காலங்காலமாகக் கொடுப்பதும் இரண்டு தொனிகளைத்தான். பெருக்கி கோணலாக இருந்தால் அவை ஒன்றோடொன்று கலந்து, இருபுறமும் 46.9 ஹெர்ட்ஸ் தொலைவில் இரண்டு புதிய தொனிகளைப் பிறப்பிக்கும். இன்னும் கோணல் என்றால் 78 ஹெர்ட்ஸில் அடுத்த ஜோடி. வாட்டர்ஃபாலில் இவை ரயில் தண்டவாளங்களைப் போல இணை கோடுகளாக ஓடும்.

மென்பொருள் இதை ஐஎம்டி என்ற எண்ணாகவே காட்டியது. மைனஸ் 30 டெசிபல் என்றால், பிறந்த கோடுகளின் சக்தி உண்மையான தொனியின் ஆயிரத்தில் ஒரு பங்கு; மிக நல்ல சிக்னல். மைனஸ் 25 அளவில் யாரும் முகம் சுளிப்பதில்லை. மைனஸ் 20-க்கு வந்தால் நூறில் ஒரு பங்கு, பக்கத்திலிருப்பவருக்குத் தொல்லை தொடங்கிவிட்டது. "உங்கள் ஐஎம்டி மைனஸ் 18, கொஞ்சம் குறையுங்கள்" என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்வது அன்று சகஜமான மரியாதையாக இருந்தது. ஆர்எஸ்டி-யின் கடைசி எழுத்தை மாற்றி ஆர்எஸ்க்யூ என்ற முறையும் வந்தது. பக்கக் கோடுகள் எதுவும் இல்லையென்றால் 9. ஒரு ஜோடி தெளிவாகத் தெரிந்தால் 5. அலைவரிசையின் பெரும்பகுதிக்குச் சிதறல் பரவினால் 1. இதற்குக் கருவி வேண்டாம், கண் போதும். ஐஎம்டி எண்ணிலோ ஒரு சூட்சுமம் உண்டு. சிக்னல் இரைச்சலைவிட நன்றாக மேலே நிற்கும்போதுதான் அதற்கு அர்த்தம். மெலிந்த சிக்னலில் மென்பொருள் இரைச்சலையே பக்கக் கோடாக எண்ணி மைனஸ் 12 என்று காட்டும். அதை நம்பிக் குறை சொல்லிப் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர்களும் உண்டு.

நசுக்குவது யார்? பெரும்பாலும் ஏஎல்சி என்ற தானியங்கிக் கட்டுப்பாடுதான் பழியைச் சுமக்கிறது. நிர்ணயித்த அளவுக்கு மேல் சக்தி போகாமல் பெருக்கத்தைக் குறைக்கும் சுற்று அது. பேச்சுக்கு இது நல்ல காவலாளி. கத்திப் பேசினாலும் கருவி தாங்கும், காதுக்கும் உறுத்தாது. பிஎஸ்கே31-ன் வீச்சோ விநாடிக்கு முப்பத்தொரு முறை வரை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுகிறது. அந்த அலையின் வடிவத்தில் ஏஎல்சி கை வைத்தால், எந்த வடிவத்துக்காக மார்ட்டினெஸ் மெனக்கெட்டாரோ அதுவே கெடுகிறது.

பலரை இந்தக் குழியில் தள்ளியது பேராசை அல்ல, அப்பாவித்தனமான ஒரு கணக்கு. 100 வாட் கருவியில் பிஎஸ்கே31 சும்மா இருக்கும்போது உச்ச சக்தி 100 வாட் என்றால், சராசரி 50 வாட்தான். சராசரியைக் காட்டும் மீட்டரில் 50-ஐப் பார்த்தவர், பாதிதான் போகிறது என்று எண்ணிக் கணினியின் ஒலியளவை ஏற்றுவார். ஊசி 100-ஐ நோக்கி நகர நகர, உச்சிகள் தட்டையாகும், தண்டவாளங்கள் தோன்றும். ஆசைப்பட்டுக் கிடைத்ததும் எவ்வளவு? சக்தியை இரண்டு மடங்காக்கினால் மூன்று டெசிபல். எதிர்முனையில் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் ஓர் எண் ஏறவே ஆறு டெசிபல், அதாவது நான்கு மடங்கு சக்தி வேண்டும்.

2017-ல் எஃப்டி8 வந்தது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளுக்கும் உரியவர்கள் ஸ்டீவ் ஃப்ராங்கேயும் ஜோ டெய்லரும். டெய்லர் பிரின்ஸ்டனின் இயற்பியலாளர். 1974-ல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்து, அதற்காக 1993-ல் நோபல் பரிசு பெற்றவர். வானத்திலிருந்து வரும் மெல்லிய துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த கை, நிலவில் பட்டுத் திரும்பும் ஹாம் சிக்னல்களுக்கும், பிறகு சிற்றலைக்கும் மென்பொருள் எழுதியது. எஃப்டி8-ல் எட்டுத் தொனிகள், 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில். 79 குறிகள், 12.64 விநாடி. இன்றைய வடிவில் செய்தியின் அளவு 77 பிட். பிழை திருத்தத்தையும் சேர்த்தால் 174 பிட். மைனஸ் 20 டெசிபலிலும் இது படிக்கும் என்பதுதான் அதன் புகழ்.

இரைச்சலில் நூறில் ஒரு பங்கு சக்தி உள்ள சிக்னலைப் படிக்கிறதா என்று வியப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மைனஸ் 20 என்பது 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு தொனிக்கு உரிய 6.25 ஹெர்ட்ஸ் இடுக்குக்குள் மட்டும் பார்த்தால் இரைச்சல் 400-ல் ஒரு பங்குதான். அங்கே சிக்னல் இரைச்சலைப் போல நான்கு மடங்கு. மாயம் ஒன்றுமில்லை, குறுகிய இடுக்கு, நிதானமான வேகம், கெட்டியான பிழை திருத்தம். அந்த இடுக்கு சுத்தமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். பக்கத்து நிலையத்தின் சிதறல் அங்கே விழுந்தால், நோபல் பரிசாளரின் மென்பொருளும் கையை விரிக்கும்.

எஃப்டி8-ன் வீச்சு மாறுவதில்லை. எனவே பிஎஸ்கே31-ஐப் போல அது பெருக்கியின் கோணலுக்குப் பயப்படத் தேவையில்லை. ஏஎல்சி ஊசி சற்று அசைந்தாலே பாவம் என்று ஹாம் வட்டாரத்தில் ஓதப்படுவது, எஃப்டி8-ஐப் பொறுத்தவரை பாதி உண்மைதான். சில கருவிகளில் ஊசியின் முதல் சில கோடுகள் ஒலி வந்து சேர்ந்ததை மட்டுமே காட்டும். எலெக்ராஃப்ட் கே3-ல் நான்கைந்து கோடுகள் தெரிவதே சரியான அளவு. ஊசியைப் பூஜ்யத்தில் வைத்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர் அந்தக் கருவியில் தானாகவே குழப்பத்தை வரவழைத்துக்கொள்வார்.

எஃப்டி8-ல் உண்மையான ஆபத்து ஒரு படி முன்னால், ஒலியாக இருக்கும் கட்டத்திலேயே இருக்கிறது. கணினியின் சவுண்ட் கார்டோ, டிரான்சீவரின் நுழைவுச் சுற்றோ தாங்கும் அளவைத் தாண்டி ஒலி கொடுக்கப்பட்டால், தூய தொனியின் உச்சிகள் வெட்டுப்பட்டுச் சிதையும். அப்படிச் சிதைந்த 600 ஹெர்ட்ஸ் தொனிக்குள் அதன் மடங்குகளான 1200-ம் 1800-ம் ஹார்மானிக்குகளாகப் பிறக்கும். மேல் சைட்பேண்ட் என்ற அனுப்பும் முறையில் கருவி ஒலியை அப்படியே வானொலி அலைக்கு ஏற்றி வைப்பதால், அந்தக் குட்டிகளும் அலையேறிவிடும். 14 மெகாஹெர்ட்ஸின் இரு மடங்கான 28-ல் தோன்றும் வேறு வகை ஹார்மானிக்கை டிரான்ஸ்மிட்டரின் கடைசியில் உள்ள வடிகட்டி தடுத்துவிடும். ஒலியில் பிறந்த இவற்றை அதனால் தொடக்கூட முடியாது.

இதற்கு, எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் ஒரு தந்திரம் இருக்கிறது. 600-ல் அனுப்ப விரும்புகிறவருக்காக அது டிரான்சீவரின் டயலை ஒரு கிலோஹெர்ட்ஸ் கீழே, 14.073-க்கு நகர்த்தி, ஒலியை 1600 ஆக்கும். கூட்டிப் பார்த்தால் அதே 14.0746 மெகாஹெர்ட்ஸ். ஆனால் இப்போது இரண்டாவது ஹார்மானிக் 3200-ல் விழுகிறது. சுமார் 2700-லிருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள் கதவை மூடிவிடும் கருவியின் வடிகட்டி அதை வெளியே விடாது. ஒலியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் நடுவே வைத்துக்கொள்வதே இந்த ஏற்பாட்டின் சாரம். ஸ்பிளிட் என்ற பெயரில் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தேர்வைத் தொடாமலே வருடக்கணக்கில் அனுப்புகிறவர்கள் ஏராளம். மென்பொருள் தன் பங்குக்கும் திருந்தியது: தொனி மாறும்போது ஏற்பட்ட சிறு சிதறலைக் குறைக்க, 2019 முதல் அந்தத் தாவலை மழமழப்பாக்கிவிட்டார்கள்.

வீச்சு மாறாத எஃப்டி8 மறுபடியும் பெருக்கியிடம் சிக்கிக்கொண்ட ஓர் இடம் உண்டு. ஆளில்லாத தீவுகளுக்கு ஹாம் குழுக்கள் படகேறிப் போய், சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்களோடு தொடர்புகொள்வது வழக்கம். அவர்களுக்காக 2018-ல் வந்த ஏற்பாட்டில், தீவில் இருப்பவர் நரி, துரத்துகிறவர்கள் வேட்டை நாய்கள். பசிபிக்கில் உள்ள பேக்கர் தீவுக் குழு அதே வருடம் அதைக் களத்தில் பயன்படுத்தியது. நரி ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குப் பதில் அனுப்பலாம். ஐந்து சிக்னல்களும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடும்போது மின்னழுத்தம் ஐந்து மடங்கு. சக்தி இருபத்தைந்து மடங்கு. 100 வாட் பெருக்கியை நசுக்காமல் ஓட்ட வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 4 வாட். நூறை ஐந்தால் வகுத்து இருபது என்று நினைத்து முடுக்கினால் தீவிலிருந்து கிளம்புவது குப்பை. 2024 ஆகஸ்டில் ஜார்விஸ் தீவுப் பயணத்துக்காக உருவான சூப்பர்ஃபாக்ஸ் இந்தச் சிக்கலை வேரோடு பிடுங்கியது: ஒன்பது பேருக்கான பதில்களையும் வீச்சு மாறாத ஒரே சிக்னலுக்குள் அடுக்கிவிட்டார்கள். முழு சக்தியிலும் ஓட்டலாம்.

வெப்பம் இன்னொரு கதை. பேச்சில் வாய் ஓயும், மூச்சு வாங்கும். கருவிக்கும் ஓய்வு கிடைக்கும். எஃப்டி8 பதினைந்து விநாடியில் 12.64 விநாடி முழு சக்தியில் நிற்கிறது. பேச்சுக்கென்று 100 வாட் எழுதப்பட்ட கருவியை 30 அல்லது 40 வாட்டில் ஓட்டுவதே விவேகம். இழப்பு நான்கைந்து டெசிபல், டிரான்ஸிஸ்டர் பிழைக்கும். சூடேறினால் அதிர்வெண்ணும் வழுவும். எஃப்டி8-க்கு அது பெரிதாகத் தெரியாது. டெய்லரே 2008-ல் வெளியிட்ட டபிள்யூஎஸ்பிஆர் என்ற பரவல் ஆய்வு முறையில் தொனிகளின் இடைவெளி ஒன்றரை ஹெர்ட்ஸ்கூட இல்லை, ஓர் அனுப்பல் 110 விநாடி. வீட்டில் செய்த டிரான்ஸ்மிட்டரின் படிகத்தின் மேல் மின்விசிறிக் காற்று பட்டாலே தடம் சாய்ந்துவிடும். ஆனால் டபிள்யூஎஸ்பிஆர் பெறும் ஒவ்வொரு நிலையமும் நிமிடத்துக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வழுவல் என்பதையும் எண்ணாகப் பதிவு செய்கிறது. பழைய ஆர்எஸ்டி-யின் மூன்றாவது எழுத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் வாரிசு இதுவாகத்தான் இருக்கும்.

சில குறைகள் வெட்கப்பட வைக்கும் வகை. கணினியின் எச்சரிக்கை மணியோசையை அணைக்க மறந்தால், மின்னஞ்சல் வந்த 'டிங்' சத்தம் கண்டம் கடந்து போகும். ஒலிக் கம்பியில் மின்சார முணுமுணுப்பு கலந்தால் தடத்தின் இருபுறமும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் தள்ளி நகல்கள் முளைக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் 60-லும் 120-லும். இந்த நகல்களுக்குத் தொனி இடைவெளி மாறுவதில்லை. அதனால் மென்பொருள் இவற்றையும் படித்துவிடக்கூடும்; ஒரே அழைப்புக்குறி பட்டியலில் மூன்று முறை வரலாம். தடம் விரிந்திருக்கிறதா, அதே அகலத்தில் நகலெடுத்திருக்கிறதா என்று பார்த்தாலே நோய் ஒலியளவிலா, கம்பியிலா என்று சொல்லிவிடலாம். கம்பிக்கு மருந்து ஃபெரைட் வளையமும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரும்.

சரிசெய்யும் வேலை சொல்வதற்கு எளிது. டிரான்சீவரை டேட்டா முறையில் வைத்து, பேச்சு கம்ப்ரஸரையும் ஒலி சமன்படுத்தியையும் அணைக்க வேண்டும். 2016-ல் வந்த ஐகாம் ஐசி-7300 போன்ற கருவிகளுக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருப்பதால் ஒரு யூஎஸ்பி கம்பி போதும். மென்பொருளின் ஒலியளவை அடியில் தொடங்கி மெல்ல ஏற்றினால் வெளியேறும் சக்தியும் கூடவே ஏறும். ஒரு கட்டத்தில் ஒலி ஏறினாலும் சக்தி ஏறாது. அங்கிருந்து சற்றுக் கீழே இறங்கி நிற்க வேண்டும். பெறும் பக்கத்திலும் அளவு உண்டு: வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும்போது டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் மீட்டர் 30 டெசிபல் அருகே நின்றால் சரி.

பிறகு தன்னைத் தானே பார்க்கும் வேலை. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரை உலகில் யாரும் இணையம் வழியே திருப்பலாம். அதன் வாட்டர்ஃபாலில் அனுப்புகிறவர் தன் தடத்தைத் தானே காணலாம். அலை அந்த நேரத்தில் ஐரோப்பாவை எட்டவில்லையென்றால், அதே வகையில் இணையத்தில் திறந்திருக்கும் அருகிலுள்ள வேறொரு ரிசீவர். இதை ஒரே அலைவரிசையில் செய்துவிட்டு நிம்மதியடைந்துவிட முடியாது. 7 மெகாஹெர்ட்ஸில் சுத்தமாக இருந்த அதே ஒலியளவு 28-ல் நசுங்கலாம், ஏனென்றால் கருவியின் பெருக்கம் எல்லா அலைவரிசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆன்டெனா பொருந்தாத இடத்தில் கருவி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைத் தானே குறைக்கும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒலியளவைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். அமைப்புப் பக்கத்தில் அதற்கென்று இருக்கும் பெட்டியில் ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.